போலீஸை வீடியோ எடுக்கலாம், ஆனால் இப்படி எடுங்கள்

"அக்கா, ரோட்ல போலீஸ் யாரையாவது அடிக்கும்போது வீடியோ எடுத்தா நம்மளையும் தூக்கிட்டுப் போவாங்களா?" சென்னை காசிமேட்டுப் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். நான் அங்கேயே பிறந்து வளர்ந்தவள், ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் வக்கீல். பொது இடத்தில் பணியில் இருக்கும் காவலரைப் படம் எடுப்பது குற்றம் என்று தனிச் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. தைரியமாக எடுக்கலாம்.

வழக்கு வேறு வழியாக வரும். பணியைத் தடுத்ததாக பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 221ஆம் பிரிவு போடுவார்கள்: மூன்று மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். கை பட்டது, தள்ளினான் என்றால் 132. அது இரண்டு ஆண்டு வரை போகும், ஜாமீனில் விடக்கூடிய பிரிவும் இல்லை. கெட்ட வார்த்தை பேசினான் என்று பழைய 294(பி)யை, அதாவது இப்போதைய 296ஐ, சேர்ப்பதும் உண்டு. இவை மூன்றும் நம் கையாலும் வாயாலும் வருபவை. அதனால் எட்டுப் பத்தடி தள்ளி நில்லுங்கள், வாயைத் திறக்காதீர்கள். "தள்ளிப் போ" என்று சொன்னால் "சரி சார், தள்ளிக்கிறேன்" என்று கேட்கும்படி சொல்லி நாலடி பின்னால் போங்கள். கேமரா ஓடிக்கொண்டே இருக்கட்டும். உங்கள் மேல் 221 போட்டால், நான் கோர்ட்டில் முதலில் காட்டுவது வீடியோவில் அந்தக் கட்டத்தைத்தான்.

ஆரம்பத்திலேயே தேதி, நேரம், இடத்தை உங்கள் குரலில் ஒரு முறை சொல்லிவிடுங்கள்: "கல்மண்டபம், மார்க்கெட் பக்கம், ராத்திரி ஒன்பதே கால்." தெருப் பலகை, கடைப் பலகை, ரோந்து வண்டி நம்பர், சட்டையில் உள்ள பெயர்ப் பட்டை எல்லாம் பதியட்டும். ஒரேயடியாக முகத்துக்கு ஜூம் போடாதீர்கள். யார் எங்கே நின்றார்கள், யார் முதலில் கை ஓங்கினார்கள் என்பது தூரத்துக் காட்சியில்தான் தெரியும். சிறு பிள்ளைகள் மாட்டியிருந்தால் அந்த வீடியோவை வெளியே விடவே கூடாது. சிறாரின் அடையாளத்தை வெளியிடுவது தனிக் குற்றம்.

துறைமுக கேட், மணலி சுத்திகரிப்பு ஆலை வாசல் பக்கம் இந்த வேலை வேண்டாம். அங்கே காவலுக்கு நிற்பது மத்தியப் படை, பாதுகாப்பு விதிகளும் வேறு. ஸ்டேஷனுக்குள்ளே? 1923ஆம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டப்படி போலீஸ் ஸ்டேஷன் தடைசெய்யப்பட்ட இடம் ஆகாது, அதனால் அங்கே வீடியோ எடுப்பது அந்தச் சட்டப்படி குற்றமில்லை என்று மும்பை உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2022இல் சொன்னது. ஆனால் அது வெளிமாநிலத் தீர்ப்பு, இங்கே எடுத்துக் காட்டி வாதாட முடியும், அவ்வளவுதான். எல்லா ஸ்டேஷனிலும் சிசிடிவி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. உள்ளே ஏதாவது நடந்தால் அந்தப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி உடனே மனு கொடுங்கள்.

"போனைக் கொடு, அழி" என்பார்கள். அழிக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. சாட்சியமாக வரவேண்டிய மின்னணுப் பதிவை அழிப்பதே பி.என்.எஸ். 241இன்படி குற்றம். ஆனாலும் போனை இழுத்துப் பிடித்து மல்லுக்கட்டாதீர்கள், 132 அங்கேதான் பிறக்கிறது. "மகஜர் போட்டு எடுத்துக்குங்க சார்" என்று மட்டும் கேளுங்கள். மகஜர் என்பது எதைக் கைப்பற்றினார்கள் என்று சாட்சிகள் முன்னால் எழுதும் குறிப்பு. கைப்பற்றிய பொருளைப் பற்றி மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பிறகு மனு போட்டுத் திரும்பக் கேட்கலாம். போனுக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை இன்றே வீட்டில் எழுதி வையுங்கள்.

எடுத்த பிறகு செய்வதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஒரு அம்மா மகன் அடிபட்ட வீடியோவைக் கொண்டுவந்தார். குரூப் குரூப்பாகச் சுற்றி, பாட்டு சேர்த்து, ஓரம் வெட்டப்பட்டு வந்திருந்தது. எடுத்த பையனைத் தேடிப் பிடித்தால், அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டானாம். எனக்கு வயிறு எரிந்தது. பி.எஸ்.ஏ. (புதிய சாட்சியச் சட்டம்) 63இன்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழ் வேண்டும், அதில் ஹாஷ் மதிப்பும், அதாவது கோப்பின் கைரேகை போன்ற குறியீடும், எழுத வேண்டும். ஒரு நொடி வெட்டினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். எனவே அசல் கோப்பைத் தொடாதீர்கள், போனை விற்காதீர்கள். கூகுள் டிரைவில் ஒரு நகல் ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீடியோவாக வேண்டாம், சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். 2025இல் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரை போலீஸ் அடித்ததை ஒருவர் மறைந்திருந்து எடுத்தாரே, சில நொடிதான். அது உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் முன்னால் போனது.

அப்புறம் புகார். மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் எழுத வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100க்குப் போன் போட்டு இலவசச் சட்ட உதவி கேளுங்கள். மனு கொடுக்கப் போகும்போது இரண்டு நகல் எடுத்துப் போங்கள், ஒன்றில் தேதியோடு சீல் வாங்காமல் திரும்பி வராதீர்கள்.