முதல் பழமரம் வைக்கப் போகிறீர்களா? பப்பாளியில் தொடங்குங்கள்

மாங்கன்று வைத்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பப்பாளிக்கு அந்தப் பொறுமை தேவையில்லை. ஆனியில் விதை போட்டால் அடுத்த வைகாசி, ஆனிக்குள் பழம் தட்டுக்கு வந்துவிடும். வளர்ப்பது சுலபம். கொல்வது அதைவிடச் சுலபம், தண்ணீரை அள்ளி ஊற்றினால் போதும். என் முதல் மரத்தை அப்படித்தான் கொன்றேன். பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓரமாக வைத்திருந்தேன். தோள் உயரம் வளர்ந்து பூவும் விட்டது. இரண்டு நாள் மழை பெய்தது, மூன்றாம் நாள் சாய்ந்து கிடந்தது. அடித்தண்டைத் தொட்டால் குழைய வெந்த சேனை மாதிரி விரல் உள்ளே போனது.

முதலில் விதை. சுவையான நாட்டுப் பழம் ஒன்று கிடைத்தால் அதன் விதையே போதும். கடைகளில் நிறைய வரும் ரெட் லேடி கலப்பின ரகம். அதன் விதையைப் போட்டால் தாய் மாதிரியே பிள்ளை வரும் என்று சொல்ல முடியாது. அந்தப் பழமேதான் வேண்டும் என்றால் விதைப் பாக்கெட்டோ நாற்றோ வாங்குங்கள்.

பழத்து விதையைச் சுற்றி வழவழவென்று ஒரு பை இருக்கும். அது இருந்தால் முளைப்பு தள்ளிப்போகும். அடுப்புச் சாம்பல் தொட்டுப் பழைய துணியில் தேய்த்தால் பட் பட்டென்று உடைந்துவிடும். கழுவும்போது மிதப்பதைக் கொட்டிவிட்டு, மூழ்கியதை நிழலில் உலர்த்துங்கள். பாலித்தீன் பையில் மண், மணல், மக்கிய சாணம் கலந்து நிரப்பி, விரல்நகம் ஆழத்தில் மூன்று நான்கு விதை போடுங்கள். முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அவசரப்பட்டுத் தோண்டிப் பார்க்காதீர்கள்.

அடுத்து குழி. நல்ல வெயில் விழும் இடத்தில் ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்துக்குத் தோண்டி, மேல்மண்ணோடு ஒரு கூடை மக்கிய தொழுவுரமும் கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து மூடுங்கள். தரையைவிட அரை அடி மேடாக இருக்கட்டும். அந்த மேடுதான் ஐப்பசி மழையில் மரத்தைக் காப்பாற்றும். குழிக்குக் குழி ஆறடி இடைவெளி விடுங்கள்.

நாற்றுக்கு ஒன்றரை, இரண்டு மாதம் ஆனதும் மாலை நேரத்தில் நடலாம். ஒரு குழிக்கு ஒன்று போதாதா என்று கேட்பீர்கள். மூன்று நடுங்கள். ஏனென்றால் பப்பாளியில் ஆண், பெண், இருபால் என்று மூன்று வகை உண்டு. பூக்கும்வரை எது எதுவென்று பார்வைக்குத் தெரியாது.

நட்டு நான்கைந்து மாதத்தில் பூ வரும். நீளக் காம்பில் கிளைவிட்டுக் கொத்துக்கொத்தாகச் சின்னப் பூக்கள் தொங்கினால் ஆண். தண்டை ஒட்டி, இலைக்காம்பின் கக்கத்தில் தடித்த மொட்டு உட்கார்ந்திருந்தால் அதைக் கீறிப் பாருங்கள். உள்ளே குட்டிப் பிஞ்சு மட்டும் இருந்தால் பெண், பிஞ்சைச் சுற்றி மஞ்சள் மகரந்தப் பைகளும் இருந்தால் இருபால். இருபால் மரம் தானே காய்க்கும், அதை விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள். பெண் மட்டும்தான் கிடைத்தது என்றால் அக்கம்பக்கத்தில் ஓர் ஆணோ இருபாலோ வேண்டும். இல்லாவிட்டால் பிஞ்சு உதிரும்.

தண்ணீர்? வேர் பிடித்த பிறகு வாரம் ஒருமுறை, தண்டைத் தொடாமல் வட்டமாகக் கட்டிய பாத்தியில். மழைக்காலத்தில் பாத்தியை உடைத்துவிடுங்கள்.

இலையடியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி அப்பினால் மாவுப்பூச்சி. 2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டித் தோட்டம் தோட்டமாகக் காய வைத்த பூச்சி இதுதான். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒரு பொடிக்குளவிதான் அதை அடக்கியது. அதனால் கண்ட மருந்தையும் அடித்து அந்தக் குளவியைக் கொல்லாதீர்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, வேப்பெண்ணெயில் துளி சோப்பு கலந்து தெளித்தால் போதும். இலை கயிறு மாதிரி ஒடுங்கி, காயில் வளையம் வளையமாக விழுந்தால் வைரஸ். அதற்கு மருந்தில்லை, பிடுங்கிவிடுங்கள்.

காயின் நுனியில் மஞ்சள் கீற்று விழுந்ததும், கீறினால் பால் நீர்த்து வந்ததும் காம்போடு பறியுங்கள். மரத்திலேயே பழுக்கட்டும் என்று விட்டால் அணிலுக்குத்தான். செய்தித்தாளில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தால் மூன்று நான்கு நாளில் பானையைத் திறக்கும்போதே மணக்கும்.