2⁶⁷ - 1: இருபத்தொரு இலக்க எண்ணை வீட்டுக் கணினியில் உடைப்பது எப்படி?

1644-இல் கணித அறிஞர் மெர்சென் வெளியிட்ட பகா எண் பட்டியலில் இதுவும் இருந்தது. அது தவறு என்று 1876-இல் லூகாஸ் என்ற கணிதவியலாளர் காட்டினார். ஆனால் காரணி எது என்று அவர் சொல்லவில்லை. 1903-இல் கோல் என்ற கணிதவியலாளர் அதைக் கண்டுபிடித்தார். 'மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள்' ஆயின என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. நமக்கு அரைமணி நேரம் போதும்.

பைத்தான் நிரல்மொழி வேண்டும். எக்செல் வேண்டவே வேண்டாம்; 15 இலக்கத்துக்கு மேல் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிடும்.

முதலில் எண்ணைப் போடுங்கள் (பைத்தானில் அடுக்குக்குக் குறி **):

ம = 2**67 - 1

(பைத்தானில் தமிழ் எழுத்தையே மாறியாக வைக்கலாம், தெரியுமா?) 147573952589676412927 வரவேண்டும். 64 வந்தால் ** போடும் இடத்தில் ^ போட்டிருக்கிறீர்கள்.

அடுத்து, இது பகு எண்தானா என்ற சோதனை. நான் ஒரு மாலை முழுக்க மாட்டிக்கொண்டது இங்கேதான். ஃபெர்மா சோதனைப்படி, ம பகா எண் என்றால் 2-இன் (ம-1)-ஆம் அடுக்கை ம-ஆல் வகுக்கும்போது மீதி 1 வரவேண்டும். முதலில் ** போட்டே கணக்கிட்டேன், மடிக்கணினி உறைந்துபோனது. அப்புறம்தான் அடுக்கைக் கணக்கிடும் 'பவ்' (pow) கட்டளைக்கு மூன்றாவதாக வகுக்கும் எண்ணையும் கொடுக்கலாம் என்று தெரிந்தது. கொடுத்தேன். மீதி 1! லூகாஸே தப்பா என்று ஒரு நிமிடம் தோன்றியது.

தப்பு என்னுடையது. 2⁶⁷ என்பது ம-ஐவிட ஒன்றே அதிகம், அதனால் அதன் மீதி எப்போதும் 1. ம-1 வேறு 67-இன் மடங்கு, அதாவது 2-இன் (ம-1)-ஆம் அடுக்கு என்பது 2⁶⁷-ஐயே பலமுறை பெருக்கியதுதான். ஆக, 2-ஐ வைத்துச் சோதித்தால் இந்த எண் பகா எண் வேடம் போட்டே தீரும். 2-க்குப் பதில் 3 வைத்துப் பாருங்கள். மீதி 1 வராது, வேடம் கலைந்துவிடும்.

இனி காரணி. 67 பகா எண் என்பதால், ம-இன் ஒவ்வொரு பகாக் காரணியும் 134*க + 1 (134 என்பது 67-இன் இரு மடங்கு) என்ற வடிவில்தான் இருக்கும். (8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 என்ற நிபந்தனையும் உண்டு. வேகம் வேண்டுவோர் சேர்த்துக்கொள்ளலாம், நான் சேர்க்கவில்லை.) க-வை 1-இலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய், இது பூஜ்யம் ஆகும் இடத்தில் நிறுத்துங்கள் (% என்பது வகுத்தபின் வரும் மீதி):

ம % (134*க + 1)

க = 1445580-இல் நிற்கும். காரணி 193707721. மற்றொன்று (// என்பது ஈவை மட்டும் முழு எண்ணாகத் தரும்):

ம // 193707721

விடை 761838257287. சிம்பை என்ற பைத்தான் கணித நூலகம் இதை ஒரே வரியில் செய்துவிடும்தான். ஆனால் முதல் தடவையே அதைத் தொடாதீர்கள், 134 எங்கிருந்து வந்தது என்பதே தெரியாமல் போய்விடும்.

பின்சேர்க்கை: க = 1-இலேயே நின்று, 135-ஐக் காரணி என்று காட்டுகிறது என ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் % போடாமல் / போட்டு வகுத்து, விடையில் தசமப் பகுதி இல்லையா என்று பார்த்திருக்கிறார். / தருவது தசம எண். அது 2⁵³-ஐத் தாண்டினால் புள்ளிக்குப் பின் எதையும் வைத்துக்கொள்ள அதற்கு இடமில்லை, அதனால் எதை வகுத்தாலும் முழு எண் மாதிரியே தெரியும். ம 7-இல் முடிகிறது, 135-ஆல் எப்படி வகுபடும்?