கிரெடிட் கார்டு லிமிட்டைக் கூட்டிக் கேட்பது எப்படி? எதிர்வீட்டு ஆச்சியோடு உட்கார்ந்து செய்தது

எதிர்வீட்டு ஆச்சி வீட்டில் வருகிற தையில் சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம். அவர் வீட்டுக்காரர் செட்டியாருக்கு அறுபது நிறைகிறது. வெள்ளிச் சாமான், உறவுமுறைக்கு வேட்டி சேலை, மகள் குடும்பத்துக்கு விமான டிக்கெட் என்று செலவுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்.

“தம்பி, இந்தக் கார்டுல அறுபதாயிரந்தான் இருக்கு. ஒன்றரை லட்சமா கூட்டிக் கேக்கலாமாமே, எப்படி?”

ஆச்சி காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குப் பஸ்ஸில் போய்வரும் பள்ளி ஆசிரியை. கார்டு வாங்கி ஆறு வருடம் ஆகிறது, ஒரு மாதம்கூடப் பாக்கி வைத்ததில்லை. கேட்டால் கிடைக்கும் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனாலும் அன்றைக்கே கேட்க வேண்டாம் என்றேன். கேட்கிற வேலை ஐந்து நிமிடம். அதற்கு முன்னால் இரண்டு மூன்று மாத வேலை இருக்கிறது.

முதலில் பேரேட்டைப் பாருங்கள்

லிமிட்டைக் கூட்டலாமா என்று முடிவு செய்ய வங்கி எடுத்துப் பார்ப்பது உங்கள் கடன் அறிக்கையை. இந்தியாவில் இதை வைத்திருக்கும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். நம் வழக்கில் நான்குக்கும் சேர்த்து ‘சிபில்’ என்றே பெயர். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பார்த்து அவர்கள் போடும் மதிப்பெண்தான் ஸ்கோர். அது 300-லிருந்து 900 வரை போகும். 750-க்கு மேல் இருந்தால் தைரியமாகக் கேட்கலாம். நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அவர்களுடைய இணையதளத்திலேயே பான் எண், பிறந்த தேதி, மொபைல் எண் கொடுத்து எடுத்துவிடலாம். நம் ஸ்கோரை நாமே பார்ப்பதால் அது குறையாது. இந்தப் பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது.

ஆச்சிக்கு இதை விளக்க நான் மெனக்கெடவே இல்லை. அவருடைய ஐயா பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக இருந்தவர். “பேரேட்டுல பேரு கெட்டுப்போச்சுன்னா அடுத்த கடைக்காரனும் குடுக்க மாட்டான்னு ஐயா சொல்லுவாக” என்று அவரே முடித்துவிட்டார். 1937-ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி கடை திறந்த மண் இது. சிபிலெல்லாம் இங்கே புதுச் சரக்கா என்ன!

அறிக்கையில் ஒரு கோளாறு இருந்தது. என்றைக்கோ அடைத்து முடித்த ஸ்கூட்டர் கடன் இன்னும் நடப்பில் இருப்பதாகக் காட்டியது. கடன் கொடுத்தவர்கள் அன்று தந்த என்.ஓ.சி.யை (பாக்கி இல்லை என்ற சான்றை) இரும்புப் பெட்டியிலிருந்து தேடி எடுத்து, அதே தளத்தில் டிஸ்பியூட் (தவறைத் திருத்தக் கோரும் புகார்) போட்டோம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அது தேவைப்படவில்லை, நான்காவது வாரம் சரியாகிவிட்டது.

ஸ்டேட்மெண்ட் தேதியில் இருக்கிறது சூட்சுமம்

எல்லோரும் பார்ப்பது பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதியை. அதைவிட முக்கியமானது ஸ்டேட்மெண்ட் போடும் தேதி. பல வங்கிகளில் ஸ்டேட்மெண்டில் நிற்கும் தொகைதான் உங்கள் பாக்கி என்று சிபிலுக்குப் போகும்.

ஆச்சி கணக்கைப் பாருங்கள். ஸ்டேட்மெண்ட் 12-ஆம் தேதி. கடைசித் தேதி அடுத்த மாதம் 2. மளிகை, மருந்து, கரண்ட் பில், கேஸ் என்று மாதம் 50,000 ரூபாய் வரை கார்டில்தான் ஓடுகிறது. ஒன்றாம் தேதி முழுசாகக் கட்டிவிடுவார். அவர் மனசில் இது தங்கமான கணக்கு. ஆனால் 12-ஆம் தேதி வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு, 60,000 லிமிட்டில் 50,000 பாக்கி. அதாவது 83 சதவீதம். பானையை வழித்துச் சாப்பிடுகிற ஆள் என்று தெரியும். 30 சதவீதத்துக்குள் வைப்பது நல்லது என்பார்கள். இவருக்கு அது 18,000.

செலவைக் குறைக்கச் சொல்லவில்லை. 10-ஆம் தேதியே 35,000 ரூபாயை நெட்பேங்கிங்கில் கட்டச் சொன்னேன். 12-ஆம் தேதி ஸ்டேட்மெண்ட் 15,000-க்கு வந்தது. 25 சதவீதம். கட்டியது அதே பணம், தேதி மட்டும் முன்னால் வந்தது.

“வட்டியில்லாம வச்சிருக்கிற நாளை நாமளே விட்டுக்குடுக்கிறோமே தம்பி?” என்றார். நியாயமான கேள்வி. ஆமாம், கொஞ்சம் நட்டம்தான். மூன்று மாதத்துக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

யார் கேட்க வேண்டாம்

மாதாமாதம் ‘மினிமம் டியூ’ எனும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பாக்கியை இழுத்தால் பல கார்டுகளில் நூற்றுக்கு மூன்று முதல் மூணே முக்கால் வட்டி, மாதத்துக்கு. வருடக் கணக்கில் 36 முதல் 45 சதவீதம். அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாள் கிடையாது. லிமிட் கூடினால் குழிதான் ஆழமாகும்.

காகிதம்

சம்பளக்காரர்களுக்குக் கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டும் படிவம் 16-ம் (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று) பொதுவாகப் போதும். கடை, தொழில் வைத்திருப்பவர்களிடம் பெரும்பாலும் வருமான வரிக் கணக்கும் ஆறு மாத வங்கி ஸ்டேட்மெண்ட்டும் கேட்பார்கள். ஆச்சி விஷயத்தில் வங்கியிடம் இருந்தது ஆறு வருடத்துக்கு முந்தைய சம்பளம். அதனால்தான் தானாக எந்த அழைப்பும் வராமல் இருந்திருக்க வேண்டும்.

இப்போது கேளுங்கள்

1. வங்கியின் ஆப்பில் கார்டு பகுதிக்குள் போங்கள். ‘சர்வீசஸ்’ அல்லது ‘மேனேஜ் கார்டு’ என்பதற்குள் ‘லிமிட் இன்கிரீஸ்’ மாதிரி ஒன்று இருக்கும். இல்லையென்றால் நெட்பேங்கிங்கில் பாருங்கள், அல்லது கார்டின் பின்புறம் உள்ள எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

2. வங்கியே ஒரு தொகையைத் தயாராகக் காட்டினால் வேலை சுலபம். சம்மதம் என்று அழுத்தி, வரும் ஓடிபியை அந்தத் திரையிலேயே போட்டால் முடிந்தது. காகிதம் எதுவும் கேட்க மாட்டார்கள்.

3. காட்டாவிட்டால் வருமானத்தைப் புதுப்பித்து, சம்பளச் சீட்டைப் பதிவேற்றி, வேண்டிய தொகையைப் போடுங்கள். எடுத்த எடுப்பில் ஐந்து மடங்கு கேட்காதீர்கள். புதுச் சம்பளத்துக்குப் பொருந்துகிற தொகையாக இருக்கட்டும். சம்பளச் சீட்டைப் போட்டோ எடுக்கும்போது நான்கு மூலையும் தெரிய வேண்டும். ஆச்சியின் முதல் போட்டோவில் பாதி, தரையின் ஆத்தங்குடிக் கல்தான் தெரிந்தது.

4. கோரிக்கை எண்ணைக் குறித்து வையுங்கள்.

மறுத்துவிட்டால் காரணம் கேளுங்கள், அப்புறம் ஒரு ஆறு மாதம் சும்மா இருங்கள். நான் சும்மா இருக்கவில்லை. கார்டு வாங்கிய ஐந்தாம் மாதமே கூட்டிக் கேட்டேன், மறுத்தார்கள். அந்தக் கோபத்தில் வேறு இரண்டு இடத்தில் புதுக் கார்டுக்கு விண்ணப்பித்தேன். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதிந்து, ஸ்கோர் இறங்கியதுதான் மிச்சம். அவசரம் என்றால் வைப்புத்தொகையை ஈடாக வைத்து வாங்கும் கார்டு ஒரு வழி.

போன் வந்தால்

விண்ணப்பித்த மறுநாள் ஆச்சிக்கு ஒரு போன். “மேடம், உங்க லிமிட் ரெண்டு லட்சமா ஏத்தியாச்சு, ஓடிபி மட்டும் சொல்லுங்க.” வகுப்பில் இருந்ததால் எடுத்த வேகத்தில் வைத்துவிட்டார், நல்ல வேளை. கார்டு வைத்திருப்பவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வங்கி லிமிட்டை ஏற்றக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதிமுறை சொல்கிறது. அந்தச் சம்மதத்தையும் போனில் ஓடிபி சொல்லிக் கொடுப்பதில்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

எட்டாம் நாள் குறுஞ்செய்தி வந்தது. கேட்டது ஒன்றரை லட்சம், கிடைத்தது 1,20,000. இப்போது ஆச்சியின் 50,000 ரூபாய் செலவு 42 சதவீதம்தான். சாந்தி முடியும்வரை 10-ஆம் தேதி பழக்கத்தை விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேலை. லிமிட் கூடியதும் ஆப்பில் கார்டு கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் போய், ஆன்லைன், கடையில் தேய்ப்பது, வெளிநாடு என்று ஒவ்வொன்றுக்கும் தனி உச்சவரம்பு வையுங்கள். ஆச்சி ஆன்லைனுக்கு 40,000 போட்டார், அது டிக்கெட்டுக்கு. வெளிநாட்டுப் பொத்தானை அணைக்கும்போது மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

“சிங்கப்பூருக்குப் போனா வேணுமே தம்பி?”

“போறப்ப போட்டுக்கலாம் ஆச்சி.”

“வேணாம், அணைச்சே இருக்கட்டும். அங்க மக தேய்ப்பா.”