ரினிவல் மெயில் வந்தால் பதறிப்போய்ச் செய்யும் தவறுகள்

இங்கிலாந்தில் வாடகைக்கு இருக்கும் நம் ஆட்களுக்கு வீட்டு விவகாரங்களில் கைகொடுக்கிற வேலையில் பல வருடமாக இருக்கிறேன். லண்டனில் ஈஸ்ட் ஹாமோ ஹாரோவோ, ரினிவல், அதாவது வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றி வருகிற போன் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "அண்ணா, ஏஜென்ட் ரினிவலுக்குக் கையெழுத்து கேக்கறாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள போடலைன்னா காலி பண்ணணுமாம்."

வாடகையைத் தேதி தவறாமல் கட்டுங்கள், சாவி வாங்கும்போது வீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள் என்பதெல்லாம் ஊரே சொல்கிறது. அதை விட்டுவிடுகிறேன். இங்கே சொல்வது எல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குச் சட்டம் வேறு.

கையெழுத்து இல்லையென்றால் காலி என்று நம்புவது

பழைய சட்டம் இருந்தபோது நடந்தது. க்ராய்டனில் ஒரு நர்ஸ், நம்ம ஊர்ப் பெண். வாடகை மாதம் 1,450 பவுண்ட். ஒரு வருட ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது ஏஜென்சியிலிருந்து மெயில் வந்தது. மேலே சிவப்பு எழுத்தில் 48 மணி நேரக் கெடு, கீழே கையெழுத்துப் போட மஞ்சள் பட்டன். நைட் ஷிஃப்டுக்குப் போகிற வழியில், டிராமில் நின்றபடியே போன் திரையில் விரலால் ஒரு கோடு இழுத்துவிட்டார். இன்னும் 12 மாதம் உறுதியாகிவிட்டது. முதல் ஒப்பந்தத்தில் ஆறாவது மாதம் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து இருந்தது. புதியதில் அது இல்லை. யாரும் சொல்லவில்லை, அவரும் பார்க்கவில்லை.

புதிய ஒப்பந்தம் தொடங்கி மூன்று மாதம் கழித்துக் கணவருக்கு லீட்ஸில் வேலை கிடைத்தது. வீட்டைக் காலி செய்கிறோம் என்றதும் ஏஜென்சி பதில் எழுதியது: மீதி 9 மாத வாடகை, 13,050 பவுண்ட், உங்கள் பொறுப்பு. எனக்கு இன்றும் எரிச்சல் வருவது எங்கே என்றால், அவர்கள் எழுதியது சட்டப்படி சரி. ஓனர் சம்மதித்தால்தான் முன்கூட்டியே விடுபட முடியும். கடைசியில் வேறு குடும்பத்தைப் பிடித்து வைத்து, பூட்டிக்கிடந்த வீட்டுக்கு இரண்டு மாத வாடகை கட்டிவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். அந்த ஓனரிடம் நான் போனில் பேசியபோது அவர் சொன்னார்: "நான் ரினிவல் கேக்கவே இல்லையே. நல்ல ஆளுங்க, இருக்கட்டும்னுதான் ஏஜென்சிகிட்ட சொன்னேன்."

அந்த மெயிலைத் தொடாமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. 1988 வீட்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, காலம் முடிந்த மறுநாளே குடியிருப்பு அதே வாடகையில், அதே நிபந்தனைகளில் மாதாமாதம் தானாகவே தொடர்ந்திருக்கும். போக நினைத்தால் அப்போது ஒரு மாத நோட்டீஸ் போதுமாக இருந்தது. காரணம் சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸில் வெளியேற்றும் 21ஆம் பிரிவு அப்போது ஓனர் கையில் இருந்தது உண்மைதான். அந்தப் பயத்தை வைத்துத்தான் ஏஜென்சிகள் ரினிவலை விற்றன. விற்றன என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பல ஏஜென்சிகள் ஒவ்வொரு ரினிவலுக்கும் ஓனரிடம் கமிஷன் வாங்கின. இந்தக் கமிஷன் ஷரத்துகளை வைத்து ஃபாக்ஸ்டன்ஸ் நிறுவனத்தின் மீது அப்போதைய நியாய வர்த்தக அலுவலகம் வழக்குப் போட்டு, 2009ல் லண்டன் உயர் நீதிமன்றம் அவை நியாயமற்றவை என்று தீர்ப்பளித்தது. ஆக, அந்தக் கெடு ஏஜென்சியின் அவசரம். உங்கள் அவசரமோ ஓனரின் அவசரமோ இல்லை.

2026 மே 1 முதல் நிலைமையே வேறு. வாடகைதாரர் உரிமைச் சட்டம் 2025 சாதாரண தனியார் வாடகை வீடுகளுக்குக் குறித்த காலம் என்பதையே எடுத்துவிட்டது. 21ஆம் பிரிவும் போய்விட்டது. உங்கள் பழைய ஒப்பந்தத்தில் 12 மாதம் என்று அச்சிட்டிருந்தாலும் அது இப்போது மாதாமாதம் தொடர்வதுதான். இரண்டு மாத நோட்டீஸ் எழுத்தில் கொடுத்துவிட்டு நீங்கள் கிளம்பலாம். ஓனர் உங்களை வெளியேற்ற வேண்டுமென்றால் சட்டம் ஏற்கும் காரணம் வேண்டும். வீட்டை விற்கப்போகிறேன், நானே குடிவரப்போகிறேன் என்றால் நான்கு மாத நோட்டீஸ் தரவேண்டும், அதையும் குடியிருப்பின் முதல் 12 மாதத்துக்குள் கேட்டு வெளியேற்ற முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகும் "எதுக்கும் ஒரு பேப்பர் இருந்தா நல்லதுதானே?" என்பார்கள். இது ஊர்ப் பழக்கம். சென்னையில் 11 மாத அக்ரிமென்ட் முடிந்தால் புதுப் பத்திரம், கூடவே வாடகை ஏற்றம், அது இல்லாவிட்டால் பிடிமானமே இல்லை என்று பழகிவிட்டோம். இங்கே பிடிமானம் சட்டத்தில் இருக்கிறது. புதுத் தாள் உங்களுக்குப் புதிதாக ஒரு உரிமையையும் தருவதில்லை. அதற்குள் வேறு எந்த ஷரத்தை நுழைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் மிச்சம்.

சரி, மெயில் வந்தால் என்ன செய்வது? பட்டனைத் தொடாதீர்கள். "நான் தொடர்ந்து குடியிருக்கிறேன். புதிய ஒப்பந்தம் எனக்குத் தேவையில்லை" என்று இரண்டு வரி பதில் எழுதினால் போதும். அப்புறம், ஓனரின் பெயரும் முகவரியும் கேட்டுத் தனியாக ஒரு மெயில் போடுங்கள். 1985 வீட்டு உரிமையாளர் வாடகைதாரர் சட்டப்படி, எழுத்தில் கேட்டால் 21 நாளுக்குள் தந்தாக வேண்டும். தகுந்த காரணமில்லாமல் தராவிட்டால் குற்றம். முகவரி கிடைத்ததும் ஓனருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். பாதி ரினிவல் சண்டைகள் அங்கேயே அடங்கிவிடும்.

ரினிவல் கட்டணம் கட்டுவது

2019 ஜூன் 1 முதல் சட்டவிரோதம். கட்டாதீர்கள்.

வாடகை ஏற்றத்தை மெயிலில் பேரம் பேசிக்கொண்டே இருப்பது

"150 ஏத்தறாங்க, 100க்குப் பேசி முடிச்சுட்டேன்" என்று பெருமையாகச் சொல்வார்கள். புதிய சட்டம் வந்தபின் வாடகையை ஏற்ற ஓனருக்கு இருக்கும் வழி 1988 சட்டத்தின் 13ஆம் பிரிவு நோட்டீஸ்தான். வருடத்துக்கு ஒரு முறைதான் அனுப்பலாம், இரண்டு மாத அவகாசமும் தரவேண்டும். போனில் சொன்னதோ வாட்ஸ்ஆப்பில் வந்ததோ அந்த நோட்டீஸ் ஆகாது.

முறையான நோட்டீஸ் வந்து, தொகை அக்கம்பக்கத்து வாடகையைவிட அதிகமாகத் தெரிந்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஓனர் கேட்டதற்கு மேல் தீர்ப்பாயம் ஏற்ற முடியாது. முடிவு வரும்வரை பழைய வாடகைதான், முன்தேதியிட்டு வசூலிக்கவும் முடியாது. முன்பெல்லாம் தீர்ப்பாயத்துக்குப் போனால் கேட்டதைவிடக் கூடுதலாகவே நிர்ணயிக்கலாம் என்ற பயம் இருந்தது, இப்போது அது இல்லை. ஒரே ஒரு விஷயம்: புதிய வாடகை தொடங்கும் தேதிக்கு முன்பே மனு போயிருக்க வேண்டும். யோசித்துக்கொண்டே அந்தத் தேதியைக் கோட்டைவிடுபவர்கள்தான் அதிகம். அதே தெருவில் அதே அளவு வீடுகளுக்கான விளம்பரங்களை நோட்டீஸ் வந்த அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விளம்பரங்கள் சில நாளில் காணாமல் போய்விடும்.

கோபத்தில் "நாங்க காலி பண்ணிக்கறோம்" என்று எழுதுவது

எழுதாதீர்கள். நோட்டீஸ் கொடுத்தபின் அதைத் திரும்பப் பெற ஓனரின் சம்மதம் வேண்டும்.

நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் மட்டும் நோட்டீஸ் கொடுப்பது

ஹவுன்ஸ்லோவில் நாலு ஐடி பையன்கள், ஒரே ஒப்பந்தத்தில் நாலு பெயர். ஒருவனுக்கு ஊருக்குத் திரும்ப ஆர்டர் வந்தது. அவன் நல்ல மனதோடு ஏஜென்டுக்கு மெயில் போட்டுவிட்டு, மற்றவர்களிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். கூட்டு ஒப்பந்தத்தில் ஒருவர் முறையாக நோட்டீஸ் கொடுத்தாலே எல்லோருடைய குடியிருப்பும் முடிந்துவிடும். மற்ற மூவரும் புதிதாக, ஏஜென்ட் சொன்ன வாடகைக்கு, கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. முதலில் வீட்டுக்குள் பேசுங்கள். போகிறவருக்குப் பதில் ஆள் பார்த்து, ஓனரிடம் பெயர் மாற்றத்துக்குக் கேளுங்கள். நீங்கள் கேட்டு நடக்கும் மாற்றத்துக்கு ஏஜென்ட் பொதுவாக 50 பவுண்ட் வரைதான் வாங்கலாம். இந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு, தாங்களே அனுப்பிய ரினிவலுக்கு "வாடகைதாரர் கேட்ட மாற்றம்" என்று பெயர் வைத்த பில்லையும் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சட்டம் எல்லா அறைக்கும் பொருந்தும் என்று நினைப்பது

பொருந்தாது. ஈஸ்ட் ஹாமில் ஒரு அண்ணன் வீட்டு மாடி அறையில், அவர் குடும்பத்தோடு சமையலறையும் குளியலறையும் பகிர்ந்துகொண்டு இருக்கிறீர்கள் என்றால் நீங்கள் லாட்ஜர். வெளியேற்றத்துக்கும் வாடகை ஏற்றத்துக்கும் மேலே சொன்ன பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது, நியாயமான ஒரு அவகாசம் கொடுத்து அவர் போகச் சொல்லலாம். அந்த மாதிரி இடத்தில் எத்தனை வார அவகாசம் என்று எழுதி வாங்கிக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது.

மாணவர்களுக்கென்றே கட்டிய தனியார் விடுதிகளும், அரசு ஏற்ற நடத்தை விதியில் சேர்ந்திருந்தால், இதற்கு வெளியே. 51 வாரம் என்று போட்டிருந்தால் அங்கே 51 வாரம்தான். அடுத்த வருடத்துக்கான ஒப்பந்தத்தை நவம்பரிலேயே நீட்டி, அறைகள் தீர்ந்துகொண்டிருக்கின்றன என்பார்கள். விசாவும் படிப்பும் எப்போது முடிகிறது என்று பார்த்துவிட்டு, எத்தனை வாரம் வேண்டுமோ அதைச் சொல்லிக் கேளுங்கள்.