நோயால் கால் இழந்தபின் நெடுந்தூர விளையாட்டு: எங்கிருந்து தொடங்குவது?

சர்க்கரை நோய், ரத்தக்குழாய் அடைப்பு, எலும்புப் புற்றுநோய், ரத்தத்தில் பரவும் கிருமித் தொற்று. இவற்றால் கால் போனவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு: காலை எடுத்த பிறகும் பலருக்கு நோயோ சிகிச்சையின் பின்விளைவோ உடம்பில் தங்கிவிடும். அதனால் ஓடும் பிளேடு (ஓடுவதற்கென்றே வளைந்த தகடு போலச் செய்த செயற்கைக் கால்) பற்றி விசாரிப்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் இதயம், அடுத்து தோல், கடைசியில்தான் வேகம்.

படி 1: மருத்துவரிடம் இதயத்தைப் பற்றிக் கேளுங்கள்

காலில் ரத்தக்குழாய் அடைத்திருந்தால் இதயத்திலும் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். எலும்புப் புற்றுநோய்க்குத் தரும் டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் இதயத் தசையைப் பாதிக்கக்கூடும். டிரெட்மில்லில் நடக்க முடியாதவர்களுக்குக் கையால் சுற்றும் கருவியிலும் இதயப் பரிசோதனை செய்யலாம்.

இன்சுலின் போடுபவர்கள் பயிற்சிக்கு முன் சர்க்கரை அளவைப் பார்த்தே ஆக வேண்டும். 100 mg/dL-க்குக் கீழே இருந்தால் ஏதாவது மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். 250-ஐத் தாண்டி, கீட்டோனும் (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் அமிலம்) இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம்.

படி 2: செயற்கைக் கால் இல்லாமல் மூச்சைப் பழக்குங்கள்

நீச்சல், கையால் சுற்றி ஓட்டும் சைக்கிள், துடுப்புக் கருவி, எது கிடைக்கிறதோ அது. தண்ணீரில் இறங்கும் முன் காயம் முழுதாக ஆறியிருக்க வேண்டும். வாரம் மூன்று நாள், சில நிமிடங்களில் தொடங்கி 20 நிமிடம் வரை கூட்டிக்கொண்டு போங்கள். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி. பீட்டா பிளாக்கர் (இதயத்துடிப்பைக் குறைக்கும்) மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது, கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம்.



படி 3: நடை. இங்கேதான் பொறுமை வேண்டும்

செயற்கைக் காலோடு நடக்க அதிக சக்தி செலவாகும். முழங்காலுக்கு மேலே எடுத்தவர்களுக்கு இன்னும் அதிகம். சீக்கிரம் களைத்துப்போவது உங்கள் சோம்பல் இல்லை.

ஐந்து நிமிடம் நடந்துவிட்டுக் செயற்கைக் காலைக் கழற்றி ஸ்டம்பை, அதாவது வெட்டியபின் மிஞ்சிய கால் பகுதியைப் பாருங்கள். சிவப்பு பத்து, பதினைந்து நிமிடத்தில் மறைந்தால் அடுத்த முறை சில நிமிடம் கூட்டலாம். மறையாவிட்டால் சாக்கெட் (ஸ்டம்ப் உள்ளே நுழையும் கிண்ணம்) சரியாகப் பொருந்தவில்லை, பொருத்தியவரிடம் திரும்பப் போங்கள். கொப்புளம் வந்தால் ஆறும் வரை செயற்கைக் கால் வேண்டாம், நீச்சலும் வேண்டாம். கை சைக்கிள் இருக்கவே இருக்கிறது. உணர்ச்சி குறைந்தவர்கள் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது. கண்ணாடி வைத்து அடிப்பக்கத்தையும் பாருங்கள், அப்படியே மற்ற காலின் பாதத்தையும். சர்க்கரை நோயாளிகளுக்கு அந்தப் பாதம்தான் அடுத்த ஆபத்து.

நடக்க நடக்க லைனருக்குள் (ஸ்டம்பின் மேல் மாட்டும் மெத்தென்ற உறை) வியர்வை சேர்ந்து வழுக்கும். வெட்கப்படாமல் உட்கார்ந்து, கழற்றி, துடைத்து மாட்டுங்கள். நாள் போகப் போக ஸ்டம்ப் சற்றுச் சுருங்கி சாக்கெட் தளர்ந்தால் இன்னொரு ஸ்டம்ப் சாக்ஸ் போட்டால் போதும்.

படி 4: ஓட்டம்

அரை மணி நேரம் தோல் கெடாமல் வேகமாக நடக்க முடிந்த பிறகு பிளேடு பற்றிப் பேசலாம். எலும்புப் புற்றுநோயால் 1977-ல் வலது காலை இழந்த கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ், ஓட்டத்துக்கு முன்பே சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடியவர். அப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிப் பழகித்தான் 1980-ல் கனடாவைக் குறுக்காக ஓடிக் கடக்கும் நெடும்பயணத்தைத் தொடங்கினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டிவந்தது. அவர் தினமும் ஓடிய தூரத்தைப் பின்பற்றாதீர்கள், தயாரான வரிசையைப் பின்பற்றுங்கள்.

படி 5: ஒரு போட்டி

மாற்றுத்திறனாளிகளுக்கான மூன்று-விளையாட்டுப் போட்டியான பாரா டிரையத்லானில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஓட முடியாதவர்கள் கை சைக்கிளிலும் பந்தய சக்கர நாற்காலியிலும் முடிக்கலாம். முதல் முறை 5 கிலோமீட்டர் மட்டும் போதும் என்பது என் கருத்து. பையில் உபரி லைனர், சாக்ஸ், துண்டு, சர்க்கரை நோய் இருந்தால் குளுக்கோஸ். வழியில் உட்கார இடம் எங்கே என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.