முக்கோணமாய்ப் போன மஃப்ளர்

ஊட்டிக்குப் போகும் அப்பாவுக்காக மஃப்ளர் பின்ன உட்கார்ந்தேன். 5 மி.மீ. ஊசி, 30 கண்ணி (ஊசியில் ஏற்றும் நூல் வளையம்). ஒரு சாண் வளர்ந்ததும் விரித்துப் பார்த்தால் தோசைத் திருப்பி மாதிரி மேலே போகப் போக அகலம். எண்ணினேன்: 41!

நூல் மேல்தான் முதலில் சந்தேகப்பட்டேன், பாவம். தவறு என் கையில். ஒரு வரிசை முடிந்து ஊசியைத் திருப்பும்போது நூலை ஊசிக்கு மேலாகப் பின்னால் போட்டிருக்கிறேன். அது முதல் கண்ணியை இழுத்துத் தூக்க, அதன் இரண்டு கால்களும் ஊசிமேல் தனித்தனிக் கண்ணிபோல் தெரியும். இரண்டையும் பின்னிவிடுவேன், அப்படிப் போட்ட வரிசையில் எல்லாம் ஒன்று கூடும்.

திருப்பியதும் நூலை முன்பக்கம், ஊசிக்குக் கீழே தொங்கவிட்டேன். பிறகு முனைக்கு அடியில் பின்னால் கொண்டுபோய்ப் பின்னினேன். அவ்வளவுதான்.

முதலில் பின்னியதைப் பிரித்த சோகம் மறக்காததால், இப்போது பத்து வரிசைக்கு ஒருமுறை வேறு நிறத் தையல் நூலை எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் கோத்துவைக்கிறேன். தப்பினால் அதுவரை பிரித்தால் போதும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் மஃப்ளரை விட்டுவிட்டுப் பருத்தி நூலில் சின்னக் கைப்பிடித் துணி பின்னுங்கள். ராவெல்ரி (Ravelry) என்ற பின்னல் இணையதளத்தில் இலவச மாதிரிகள் ஏராளம். அப்பா மஃப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார், சென்னையிலேயே.