முவாய் தாய் கற்க வரும் தம்பிகளுக்கு: கை உடையும் முன் இன்சூரன்ஸ் பாலிசியைப் படியுங்கள்

கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று நம் கரையிலிருந்து முவாய் தாய் என்ற தாய்லாந்து சண்டைக் கலையைக் கற்கக் கிளம்பும் பிள்ளைகள் இப்போது கூடிவிட்டார்கள். நான் பாங்காக்கில் சீலோம் பக்கம் ரத்தினக் கல் வியாபாரத்தில் இருக்கிறேன். "அங்கே காக்கா (அண்ணன்) இருக்கார், பேசு" என்று ஊரில் என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் பெரும்பாலும் வந்து இறங்கிய பிறகுதான் பேசுகிறார்கள். பெட்டி கட்டும் முன்னால் தெரிய வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

அரசாங்கக் காரியங்கள் பெரிய கஷ்டமில்லை. 2024 ஜூலையில் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 60 நாள் தங்கலாம் என்று திறந்துவிட்டார்கள். இந்த விதி எப்போது வேண்டுமானாலும் மாறும், டிக்கெட் போடும் அன்று சென்னையிலுள்ள தாய்லாந்து துணைத் தூதரகத்தின் இணையப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். அதிக நாள் தங்கிக் கற்க வேண்டுமென்றால் கல்வி விசாவும், டிடிவி என்ற ஐந்தாண்டு விசாவும் உண்டு. டிடிவிக்கு வங்கியில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும், நம் பிள்ளைகளில் பலருக்கு அது எட்டாது. கல்வி விசா எந்தப் பயிற்சிக்கூடத்தின் பேரில் கிடைத்ததோ அதோடு கட்டுப்பட்டது, பாதியில் கூடம் மாறினால் விசாவும் போய்விடும். 2025 மே மாதத்திலிருந்து வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளத்தை மூடிவிடுங்கள். தங்கும் இடத்துக்காரர் 24 மணி நேரத்துக்குள் உங்கள் வரவைக் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், தெரிவித்தாரா என்று கேளுங்கள். நாள் கடந்து தங்கினால் ஒரு நாளைக்கு 500 பாட் தண்டம். பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்றிருக்கும். வேலைக்குப் போக முன் அனுமதி வாங்க வேண்டிய நாடுகளில் தாய்லாந்தும் ஒன்று என்பதால் விமான நிலையத்தில் கேள்வி வரலாம். பயிற்சிக்கூடத்தின் கடிதம், திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு மூன்றையும் கையில் வைத்திருங்கள்.

சரி, இனி முக்கியமான விஷயம்.

என் சாச்சா (சித்தப்பா) மகன் சிறு வயதிலிருந்தே சிலம்பம் ஆடியவன். காலடி வரிசை, வீச்சு, தடுப்பு எல்லாம் சுத்தமாக இருக்கும். பூக்கெட்டில் சாலோங் பக்கம் பயிற்சிக்கூடங்கள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒரு கூடத்தில் சேர்ந்தான். காலையில் ஓட்டம், கயிறு, பயிற்சியாளர் பிடிக்கும் பேடில் அடி, மாலையில் மறுபடி பயிற்சி. சோர்ந்து நின்றதே இல்லை. நம் வெயிலில் மணலில் ஆடியவனுக்கு அந்த ஊர் வெயில் ஒரு பொருட்டா?

அவனைக் கெடுத்தது நல்ல பழக்கம்தான். கம்புக்குப் பழகியவனுக்கு அடி வந்தால் கை முதலில் போகும். முவாய் தாயில் சுழற்றி வரும் உதை பாதத்தால் அல்ல, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பால் விழுகிறது. அதைக் காலைத் தூக்கிக் காலால் வாங்க வேண்டும். இவன் ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிக்காக இருவர் மோதும்போது, ஒற்றை முன்கையை நீட்டினான். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முறிந்துவிட்டது. கம்படியைத் தடுக்கக் கையைத் தூக்குகிறவர்களுக்கு முறிவதும் அதே எலும்புதான் என்று மருத்துவர் சொன்னார். தகடு வைத்து அறுவை சிகிச்சை. தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டிய பிறகே உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

"காக்கா, இன்சூரன்ஸ் இருக்குல்ல, எல்லாம் கவர் ஆகும்னுதானே சொன்னாங்க?" என்றான். டிக்கெட் போட்ட இடத்திலேயே பாலிசியையும் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். 'சாகச விளையாட்டுகள் அடக்கம்' என்று மேலே பெரிய எழுத்து. உள்ளே விலக்குகள் பட்டியலில் பொடி எழுத்தில் சண்டை விளையாட்டுகளும் அவற்றின் பயிற்சியும் இருந்தன. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. சாச்சியின் வளையல்கள் அடகுக்குப் போயின. விற்றவரிடம் கேட்டால், "படிச்சுப் பார்த்துதானே கையெழுத்துப் போட்டீங்க" என்கிறார். இராமநாதபுரத்தில் உட்கார்ந்து ஒரு தாய் மகனுக்காகக் கட்டிய காசு அது. எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை.

குளியலறையில் வழுக்கி விழுந்ததாக எழுதிக் கொடுக்கச் சொல்லி சிலர் யோசனை சொன்னார்கள். அதற்கு நான் இசையவில்லை. அது பொய், அதோடு மருத்துவரின் குறிப்பில் எப்படி அடிபட்டது என்று ஏற்கெனவே பதிவாகியிருந்தது.

ஆகவே தம்பிகளே, பாலிசி எடுக்கும் முன் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்வி கேளுங்கள். முவாய் தாய் பயிற்சிக்குப் பாதுகாப்பு உண்டா? ஸ்பாரிங்கில் அடிபட்டால்? மேடையில் மோதினால்? இந்த மூன்றும் வேறு வேறு. பயிற்சியை ஏற்று மேடையை விலக்கும் பாலிசிகள் இருக்கின்றன. பதில் எழுத்தில் வர வேண்டும், தொலைபேசியில் சொல்வது செல்லாது. இந்தியாவில் விற்கும் பயணப் பாலிசிகளைப் பொதுவாகக் கிளம்பும் முன்பே எடுத்தாக வேண்டும். பயிற்சிக்கூடத்தில் முதல் நாள் நீட்டும் தாளில் காயத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை என்றிருக்கும், அதையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வாடகை பைக் ஓட்டுவதானால் இரு சக்கர வாகனத்துக்கான சர்வதேச உரிமத்தை ஊரிலேயே எடுத்து வாருங்கள், இல்லையென்றால் அந்த விபத்துக்கும் இதே கதிதான்.

சீக்கிரமே மேடையேற்றுகிறேன் என்று யாராவது ஆசை காட்டினால் தள்ளிப் போடுங்கள். சண்டைக்குக் காசு வாங்கினால் சட்டப்படி அது வேலை, சுற்றுலா அனுமதியில் செய்யக் கூடாது. போட்டிக்கு முன் ஆசானை வணங்கும் வாய் க்ரூ சடங்கில் மண்டியிட்டுக் குனிய வேண்டியிருக்கும். நம் மார்க்கத்துப் பிள்ளைகளுக்குத் தயக்கம் இருந்தால் முன்கூட்டியே பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். தெற்குத் தாய்லாந்தில் முஸ்லிம் வீரர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு இது புதிதல்ல. அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் 1669, சுற்றுலாப் போலீஸ் 1155.

ஹலால் சோறு பூக்கெட்டில் தாராளமாகக் கிடைக்கும். மீன் குழம்புக்குத்தான் மனம் ஏங்கும். பாங்காக் வந்தால் சீலோமில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோவில் இருக்கிறது, பக்கத்திலேயே தமிழ் முஸ்லிம்களின் பள்ளிவாசலும் உண்டு. ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே நின்றால் யாராவது ஊர்க்காரர் கண்ணில் படுவார்.

சாச்சா மகனுக்குக் கை கூடிவிட்டது. தாய்லாந்தின் ஆயுதக் கலையான கிராபி கிராபோங் கற்கவே மறுபடி வரப் போகிறேன் என்கிறான். அதில் நீளக் கம்பும் உண்டு, முன்கையைக் காக்கும் கட்டைகளும் உண்டு. அவன் கம்பு சுழற்றுவதைப் பார்த்துப் பயிற்சியாளரே நின்று கவனித்தார் என்று கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. இந்த முறை பாலிசியை எனக்கு அனுப்பிவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் அனுப்பலாம், விலக்குகள் பட்டியலை மட்டும் படித்துச் சொல்கிறேன்.